பதினேழாம் கேன்

காலை ஏழுக்கு மழைமானி பார்ப்பேன்: சைபர்.
நோட்டில் எழுதி அடியில் கோடு போடுவேன்.
மறுநாளும் சைபர். தை முழுக்கச் சைபர்.
ஆனால் கூக்கல் சோலைக்குள்
மரத்துக்கொன்றாய் வைத்த பதினேழு கேன்களில்
பதினாறில் தண்ணீர்,
விரற்கடை விரற்கடையாய்.

முதலில் குழந்தைவேலுவைச் சந்தேகப்பட்டேன்.
பூம்பாறைக்காரர். பூண்டு வயலை மச்சானிடம் விட்டு
தினக்கூலிக்கு என்னோடு நடப்பவர்.
அளக்க வந்த பெண் வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று
ஓடையில் மொண்டு ஊற்றிவைக்கிறாரோ?
வத்தலக்குண்டுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன்,
பதினேழு பூட்டு, ஒரே கொத்தில் சாவி.
மூடியைப் பூட்டினாலும் புனல் திறந்துதானே இருக்கிறது
என்று அவர் கேட்கவில்லை.
துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்தார்.

ஆகவே ஒரு ராத்திரி சோலையிலேயே இருந்தோம்.
தார்ப்பாய் ஒன்று, பிளாஸ்கில் கடுங்காப்பி,
காட்டுமாடு வந்தால் ஏற ஒரு மரம்
(எனக்கு அதைக் காட்டிவிட்டு
தனக்கு வேறொன்று பார்த்து வைத்திருந்தார்).
வானத்திலிருந்து ஒரு சொட்டும் இல்லை.
பத்து மணிக்கு மஞ்சு வந்தது,
கேட்காமல் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.
விடியும்போது அவர் குரங்குக் குல்லாவைக் கழற்றி
முறுக்கிப் பிழிந்தார்,
வாழ்நாளெல்லாம் பிழிந்து பழகிய கை.
"இருங்க, இருங்க!" என்று கத்திக்கொண்டு
அளவுக் குடுவையை நீட்டினேன்.
பதினோரு மில்லி.

மழை சைபர். குல்லா பதினொன்று.
அண்ணாந்து பார்த்தேன்.
கிளைக்குக் கிளை பாசி.
சோலை மொத்தமும் குல்லா போட்டிருந்தது.

கண்டுபிடிப்பு அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்.
நிரூபிக்க ஒன்பது வருஷம்.

அறிக்கை அனுப்பினேன். பதில் மூன்று வரி:
கருவிப் பிழையாக இருக்கலாம்.
கருவியை மாற்றி அனுப்பினேன். அதே மூன்று வரி,
கையெழுத்து மட்டும் வேறு ஆள்.
மூன்றாம் வருஷம் காட்டுமாடு ஏழு கேன் மிதித்தது.
நான்காம் வருஷம் பணம் நின்றது;
கொடைக்கானலில் ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்து
கேன் வாங்கினேன்.
அட்டை கடித்த இடங்களை எண்ணுவதை
எப்போது விட்டேனென்று நோட்டில் இல்லை.
"பெய்யாத மழையை அளக்கவா இவ்வளவு படிச்சே?"
போனில் அம்மா.
சரியான கேள்வி. அதைத்தான் அளந்தேன்.

வெட்டவெளியில் சைபர்.
தைலமரத்தடியில் ஒரு கரண்டி. சீகையில் இரண்டு.
பாசி தொங்கும் கிழட்டு நாவலின் கீழ்
ஒரே ராத்திரியில் ஒன்றேகால் லிட்டர்.
மழையற்ற மாசியிலும் ஓடை ஏன் வற்றவில்லையென்று
கீழே பூண்டுக்குத் தெரிந்திருக்கும்;
எனக்குத் தெரிய
மூவாயிரத்துச் சொச்சம் விடியல்.

நோட்டில் அந்தக் கட்டத்துக்கு நெடுநாள் தலைப்பில்லை.
மழை என்று எழுத முடியாது.
பனி என்றால் புல்லில் படிவது, இது அதுவுமில்லை.
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
"கறவைன்னு போடுங்க,"
கேனைக் கவிழ்த்தபடியே குழந்தைவேலு,
"மஞ்சை மரம் கறக்குது. வேறென்ன?"

அச்சில் வேறு பெயரோடு வந்தது,
நீளமான, யாருக்கும் வலிக்காத பெயர்.
நோட்டில் கறவைதான்.

ஒன்று பாக்கி.
பதினேழாம் கேன். அதே நாவல், அதே பாசி,
பக்கத்து மரத்திலிருந்து எட்டடி.
ஒன்பது வருஷமாய் ஒரு சொட்டு இல்லை.
ஓட்டை இல்லை, மூன்று தடவை மாற்றியாயிற்று.
கட்டுரையில் அதையும் சேர்த்திருந்தேன், சைபராகவே.
யாரும் கேட்கவில்லை.

நாளைக்கு ஐந்தரை பஸ்.
இந்தத் தடவை
தன் குல்லாவைக் கழற்றி
அந்தக் கிளையில் மாட்டிப் பார்க்கலாம் என்கிறார்.